கொல்லையில் கிளம்பிய "சுவாமி"

விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தோழர் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்து நம்மிடம் ஒரு கல்லைக் காட்டினார். தம் வீட்டுக் கொல்லையில் கக்கூசுக்குக் குழி வெட்டும்போது அகப்பட்டதாம். உள்ளங்கையகலம், நத்தைபோல் சுருண்டு, மேலே வரிவரியாகக் கோடுகள். அதைக் கண்ட ஊர்ப் புரோகிதர், "இது சக்கரம் பொறித்த சாளக்கிராமம், சுவாமி கிளம்பிய இடத்தில் மலக்குழி வெட்டினால் குடும்பம் விளங்காது, இடத்தைக் கோயிலுக்கு எழுதிவை" என்று சொல்லிவிட்டாராம். வேலை நின்றுவிட்டது. அந்த வீட்டுப் பெண்கள் இன்னமும் இருட்டிய பிறகு கருவேலங்காட்டுக்குத்தான் போகிறார்கள். கல்லுக்கு இருக்கிற மானம் பெண்களுக்கு இல்லையா என்று கேட்கிறோம்.

அந்தக் கல்லின் யோக்கியதைதான் என்ன? அது அம்மோனைட் என்னும் கடற்பிராணியின் ஓட்டு அச்சு. கடலூர் மீன்கடையில் விற்கும் கணவாய்க்கு அது ஓடு சுமந்த பங்காளி. அது செத்துக் கடற்சேற்றில் விழுந்தது; மேலே மேலே சேறு படிந்து இறுகிக் கல்லாயிற்று; ஓடு கரைந்துபோக, ஈரச் செங்கல்லில் பதிந்த விரல்தடம்போல் அதன் வடிவம் மட்டும் நின்றது. அந்த இனம் பூண்டற்றுப்போய்ச் சுமார் 6.6 கோடி வருஷங்களாகின்றன.

கடல் எங்கே, விருத்தாசலம் எங்கே என்பீர்கள். அக்காலத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், அரியலூர்ப் பகுதிகளில் கடல் ஏறி நின்றது. இப்பகுதிகளில் கேயி, கன்லிப் என்ற இருவர் சேகரித்த சிப்பிகளை எட்வர்டு போர்ப்ஸ் என்ற அறிஞர் ஆராய்ந்து 1846-லேயே எழுதிவிட்டார். அரியலூர் சிமெண்டு ஆலைகளுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் போட்டுவிட்டுப் போனதே. கல்லில் பதிந்த சிப்பியெல்லாம் சுவாமியென்றால், எத்தனை சுவாமிகளை அரைத்துப் பூசிய சுவருக்குள் புரோகிதர் குடியிருக்கிறார்?

சாளக்கிராமமென்று அவர் சொன்னதில் பாதி உண்மையே. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் பொறுக்கும் சாளக்கிராமங்களில் சக்கரம் தெரிபவை இதே அம்மோனைட்டுகள்தாம். அதனால் இமயமலைக் கல்லும் ஒருகாலத்தில் கடலடிச் சேறாயிருந்தது என்பது விளங்குமேயன்றி, சேற்றுப் பூச்சி சுவாமியாகிவிடாது.

"அப்படியானால் பிரளயம் வந்ததற்கு இதுவே சாட்சி" என்று சிலர் கிளம்புவார்கள். ஒரே வெள்ளம் கொண்டுவந்து கொட்டியதென்றால் எல்லாச் சிப்பியும் கலந்தல்லவா கிடக்கவேண்டும்? இங்கோ அடுக்கின்மேல் அடுக்கு. அடுக்குக்கு அடுக்கு வேறு வேறு சிப்பி. தலைமுறை தலைமுறையாகப் பிறந்து, வளர்ந்து, செத்த கணக்கு அது.

விழுப்புரம் ஜில்லா திருவக்கரையில் கல்லாய்ப்போன மரங்களை அசுரன் எலும்பென்று கதை கட்டினார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிவது மரத்தின் நாரும் துளையுமே, எலும்பில்லை. கதை கட்டுகிறவனுக்குக் கண்ணாடி எதற்கு?

தோழர்களே! கொல்லையில் இப்படிக் கல் அகப்பட்டால் கற்பூரம் தேடாதீர்கள். எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்று குறித்துவையுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அரியலூர் ஜில்லா வாரணவாசியில் அரசாங்கத்தின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய் ஒத்துப்பார்க்கச் செய்யுங்கள்.

நம் தோழருக்கு நாம் சொன்னது இவ்வளவே: கல் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும், குழி வெட்டி முடியட்டும். கோடி வருஷம் மண்ணில் கிடந்த கல்லுக்கு அவசரமில்லை. பெண்களுக்கு இன்றிரவே அவசரம்.