விளக்கை மட்டும் பார்த்துத் திரும்பலாமா?

தசரா வந்துவிட்டால், பெங்களூரில் இருந்து மைசூர் செல்லும் ரெயில்களில் கால் வைக்க இடம் இருக்காது. ஆண்டு முழுவதும் உழைத்துக் களைத்த தொழிலாளி, மனைவி மக்களோடு புளிச்சோறு கட்டிக்கொண்டு புறப்படுகிறார். சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை என்று சுற்றிவிட்டு, இருட்டும் நேரத்தில் அரண்மனைக்கு எதிரே வந்து நிற்கிறார். ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் எரிகின்றன. கூட்டம் வாயைப் பிளக்கிறது. அடுத்த நிமிடம் ரெயிலைப் பிடிக்க ஓட்டம்!

இவ்வளவுதானா அரண்மனை? இல்லை என்பதே நமது கருத்து.

இன்று நாம் காணும் அரண்மனை நெருப்பில் பிறந்தது. அதற்கு முன் அதே இடத்தில் இருந்தது மரத்தால் ஆன அரண்மனை. 1897-ம் ஆண்டு இளவரசி ஜெயலட்சம்மணியின் திருமண விழாவின்போது அதில் தீப்பிடித்தது. கட்டிடத்தின் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது.

மன்னர் சாமராஜேந்திர உடையார் 1894-லேயே காலமாகிவிட்டார். மகன் கிருஷ்ணராஜருக்கு அப்போது வயது பன்னிரண்டு. ஆட்சிப் பொறுப்பைத் தாங்கி நின்றவர், கணவனை இழந்த மகாராணி கெம்பநஞ்சம்மணி. அந்த அம்மையார் கலங்கி உட்கார்ந்துவிடவில்லை. தீயை வெல்லும் வகையில் கல்லாலும் இரும்பாலும் புதிய அரண்மனை எழுப்ப முடிவு செய்தார்.

சென்னை உயர்நீதிமன்றக் கட்டிடத்தில் பெரும்பங்கு வகித்த ஹென்றி இர்வின் இதற்கும் வரைபடம் தந்தார். இரும்புத் தூண்கள் கிளாஸ்கோ நகரில் இருந்து கப்பலில் வந்தன. வேலை முடிந்தது 1912-ல். செலவு 41 லட்சத்து 47 ஆயிரத்து 913 ரூபாய். கோபுரத்தின் உயரம் 145 அடி.

அரசர் பெயர் கல்வெட்டில் இருக்கும். கல்லைச் செதுக்கிய சிற்பி, மரத்தை இழைத்த தச்சர், தங்க ரேக்கு ஒட்டிய ஓவியர், சாந்து சுமந்த கூலிப்பெண் ஆகியோரின் பெயர் எங்கே இருக்கிறது? உழைத்துப் பிழைக்கும் நாம் இந்தக் கேள்வியோடுதான் உள்ளே நுழைய வேண்டும்.

விளக்குகளுக்கும் ஒரு கதை உண்டு. காவிரி பாயும் சிவசமுத்திரத்தில் மைசூர் அரசு மின்நிலையம் அமைத்தது. 1902-ல் அங்கிருந்து மின்சாரம் முதலில் சென்றது மைசூருக்கும் அல்ல, பெங்களூருக்கும் அல்ல, கோலார் தங்கவயலுக்கு! வட ஆற்காடு முதலிய பகுதிகளில் இருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள் அங்கே பாதாளத்தில் பாறையைக் குடைந்தார்கள். அந்தச் சுரங்கத்துக்காகவே மின்கம்பி இழுக்கப்பட்டது. பெங்களூர் 1905-லும், மைசூர் அதற்குப் பிறகும் வெளிச்சம் கண்டன. சுரங்கத்தில் இருந்து கிடைத்த உரிமைத்தொகை மைசூர் அரசின் கஜானாவில் சேர்ந்தது. 2001-ல் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. ஆனால் வரலாற்றை மூடிவிட முடியாது.

இதைச் சொல்வது பங்கு கேட்பதற்காக அல்ல. அதே காவிரியின் பெயரால் 1991-லும் 2016-லும் இந்த மாநிலத்தில் கலவரம் மூண்டதை நாம் மறக்கவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு பிள்ளைகளை அணைத்தபடி விழித்திருந்த இரவுகள் அவை. கன்னடப் பக்கத்து வீட்டுக்காரர் அடைக்கலம் தந்த வீடுகளும் உண்டு. ஒருவர் கதையை மற்றவர் அறியாத இடத்தில்தான் வதந்தி எளிதில் வேலை செய்கிறது. இந்த மண்ணின் வரலாற்றை நாம் தெரிந்துகொண்டு பேசினால், நம் வரலாற்றை அவர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

மன்னர்களுக்கு அளிக்கப்பட்ட மானியம் 1971-ல் ஒழிக்கப்பட்டது. அரண்மனையின் பின்பகுதியில் அரச குடும்பத்தினர் இன்றும் வாழ்கிறார்கள். மற்றப் பகுதிகளைச் சீட்டு வாங்கும் எவரும் பார்க்கலாம். ஒரு காலத்தில் அழைப்பு இல்லாமல் நுழைய முடியாத தர்பார் மண்டபத்தில், இன்று மில் தொழிலாளியின் மகள் நடந்து செல்கிறாள். இது சிறிய மாற்றம் அல்ல.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரண்மனை காலை 10 மணி முதல் மாலை 5.30 மணி வரை திறந்திருக்கும். காலையிலேயே போய்விடுங்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு நிதானமாகச் சுற்றுங்கள். கல்யாண மண்டபத்தின் மயில் வேலைப்பாட்டையும், சுவரில் உள்ள தசரா ஊர்வல ஓவியங்களையும் நின்று பாருங்கள். ஊர்வலத்தில் யானை மட்டுமா போகிறது? அதன் முன்னும் பின்னும் நடக்கும் மனிதர்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தூணில் பெயரைக் கிறுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளும் இரவு 7 மணி அளவில் விளக்கு ஏற்றுவார்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

அரண்மனையைப் பராமரிக்கும் அரசுக்கும் ஒரு வார்த்தை. கட்டிய கைகளின் கதையையும், விளக்குக்கு மின்சாரம் வந்த கதையையும் விரிவாகச் சொல்ல அங்கே ஒரு கூடம் ஒதுக்குங்கள். கன்னடர், தமிழர் என்ற வேறுபாடு இன்றி எல்லோரும் அதைப் படித்துப் பெருமைப்படுவார்கள்.

"அப்பா, இதை யார் கட்டினார்கள்?" என்று குழந்தை கேட்கும். "ராஜா" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். பிழைக்க வந்த ஊர், பிள்ளைகள் பிறந்த ஊர். அதன் கதையைச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.