நேரம் வகுப்பது விலங்கல்ல

ஒழுங்கமைத்த வாசிப்புத் திட்டம் ஆசிரியரின் கையைக் கட்டிவிடும், பிள்ளை கதை கேட்டே வாசிக்கப் பழகிவிடும் என்கிறார் நண்பர். வீட்டு அலுமாரியில் புத்தகம் இருக்கும் பிள்ளைக்கு அது பொருந்தலாம். ஊவா மாகாணத்தின் பெரகல சந்தியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், விடியுமுன் அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடும் லயத்துப் பிள்ளைக்குக் கதை வாசிப்பது யார்? அந்தப் பிள்ளைக்குப் பாடசாலைதான் முதல் நூலகம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அந்தத் தாமதத்தின் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாது.

1987இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ‘சக்சஸ் ஃபார் ஆல்’ என்ற ஒழுங்கமைத்த திட்டம் நாளுக்கு 90 நிமிடம் வாசிப்புக்கு ஒதுக்கியது. ஏறத்தாழ 8 வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைச் சோதித்து, நிலைக்கேற்பக் குழு மாற்றியது. அதைக் கற்பித்த ஆசிரியர்களிடம் கேட்ட ஆய்வாளர்கள் இரண்டு குரல்களைப் பதிவு செய்தார்கள்: சுதந்திரம் குறைகிறது, ஆனாலும் பிள்ளைகளுக்கு நன்மை இருக்கிறது. நண்பர் முதற்குரலை மட்டும் எடுத்துக்கொண்டது நியாயமில்லை. அதே ஆசிரியர்கள் திட்டத்தைத் தங்கள் வகுப்புக்கேற்பத் திருத்தியும் கொண்டார்கள்.

ஊவாவில் கேட்க வேண்டியது அந்தத் திருத்தும் உரிமையைத்தான். ‘கொழுந்து’ என்று தொடங்கி எழுத்தறிவிக்க ஆசிரியருக்கு இடம் கொடுங்கள். வாசிப்புக்கென ஒதுக்கிய நேரத்தை மட்டும் எதற்காகவும் வெட்டாதீர்கள், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகவும்கூட.