தலைக்காயத்தால் மொழியும் நினைவும் குன்றியோர்க்கு மறுவாழ்வுப் பயிற்சி கோரும் விண்ணப்பம்

தமிழ்நாடு அரசு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்கள் சமூகத்திற்கு, தலைக்காயமுற்றோரின் குடும்பத்தினர் சங்கத்தார் வணக்கத்துடன் சமர்ப்பிக்கும் கோரிக்கை மனு.

ஐயா,

சாலை விபத்தில் அடிபட்டவர் எவ்வூராராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொறுப்பேற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது முதல், அதனால் உயிர் மீண்டவர்கள் எங்கள் குடும்பங்களிலேயே இருக்கிறார்களாதலின், முதற்கண் எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். உயிர் மீண்ட பின்பு நேரும் துன்பத்தைக் குறித்ததே இவ்விண்ணப்பம்.

மூளையின் இடப்புறத்தில் காயம்பட்டோர் பலருக்கு, எதிரே நிற்பவள் தம் மனைவி என்று நன்கு தெரிந்திருந்தும் அவள் பெயர் நாவில் எழுவதில்லை. தண்ணீர் கேட்க நினைத்தால் வேறொரு சொல் வந்து விழுகிறது. ஒன்று, இரண்டு என்று வரிசையாய் எண்ணவும் பழகிய பாட்டைப் பாடவும் வல்லவருக்கே தம் வயிற்றுவலியைச் சொல்ல வாய் வருவதில்லை. இது சித்தப்பிரமை அன்று. இன்னும் சிலர், பேச்சு தெளிவாயிருந்தும் கவனமும் ஞாபகமும் குலைந்து, கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று திகைத்து நிற்கிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத ஊனமாகையால், உழைக்க மனமில்லாதவர் என்ற அபவாதமும் அவர்களைச் சேர்கிறது.

இரண்டாம் உலக யுத்த காலத்திலேயே, யூரல் மலைப் பிரதேசத்தில் மூளைக்காயமுற்ற போர்வீரர்களுக்குச் சிகிச்சையளித்த சோவியத் அறிஞர் அலெக்சாண்டர் லூரியா, மூளையின் பழுதுற்ற செயல்பாடு எதுவெனக் கண்டு, பழுதுறாத ஆற்றல்களின் துணைகொண்டு அதனை மீளப் பயிற்றும் முறையை வகுத்தார். குணம் விரைந்து தெரியும் காலம் பெரும்பாலும் முதற்சில மாதங்களே. பயிற்சியாளரைத் தேடி நகரத்துக்கு பஸ் ஏற வழியற்ற ஏழைகளுக்கு அம்மாதங்களே வீணாகின்றன.

ஆகவே, அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பேச்சுப் பயிற்சியாளரையும், நினைவு, கவனப் பயிற்சி அளிக்க வல்லவரையும் நிரந்தரமாக நியமித்து, நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன்னரே பயிற்சியைத் தொடங்கி, அதைத் தொடரும் விதத்தை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டுகிறோம். இயன்முறைச் சிகிச்சையை வீடு தேடிக் கொணரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பேச்சுப் பயிற்சியும் சேர வேண்டும். சோதனைத் தாள்களும் படங்களும் எங்கள் மக்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே அமைவது அவசியம். மூளைப் பழுதால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கையில், கைகால் அசைவை மட்டும் பார்த்துச் சான்றிதழ் மறுக்கப்படாதிருக்கத் தக்க உத்தரவும் பிறப்பிக்க வேண்டும்.

வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கெனத் தனி நிதி ஒதுக்கவும், எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்து விசாரிக்கவும் தயைகூர்ந்து ஆவன செய்யுமாறு பிரார்த்திக்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத் தலைவரும் செயலாளரும் உறுப்பினரும்