பிடிக்குள் அடங்காத வாக்கு

யாழ்ப்பாணத் தமிழரின் வாக்குக்கு என்ன பலம் என்று கேட்பவர்கள் 2005ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். விடுதலைப் புலிகள் கொடுத்த அழுத்தத்தில் நடந்த பகிஷ்கரிப்பால், அந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. மகிந்த ராஜபக்ச இரண்டு இலட்சத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2015 ஜனவரியில், வடக்கும் கிழக்கும் திரண்டு வாக்களித்தபோது அவரே தோற்றார். விரலில் பட்ட அந்த மை கொழும்பின் ஆட்சியையே மாற்ற உதவியது.

அந்த வாக்கு எப்போதும் ஒரே கட்சிக்கே போகவேண்டும் என்பதை மட்டும் ஏற்க முடியாது. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் யாழ். தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்தி பெற்றது. தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்று. தமிழ்த் தேசியம் கரைந்துவிட்டது என்று அன்று பலர் பதறினார்கள். ஆனால் 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் குடாநாட்டில் தமிழ்க் கட்சிகள் மீண்டும் எழுந்தன. ஆறே மாதத்தில் மக்கள் இரு தரப்பையும் எச்சரித்துவிட்டார்கள். வாக்குப் பிரிந்தால் பேரம்பேசும் பலம் குறையும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆசனக் கணக்கு அதைக் காட்டவும் செய்கிறது. என்றாலும், எப்படியும் நமக்கே விழும் என்று தெரிந்த வாக்குக்காக எந்தக் கட்சியும் வாசலுக்கு வந்து பதில் சொல்வதில்லை. உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது: 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் அந்தச் சபைக்கு வாக்களிக்க மக்களுக்கு ஒரு வாய்ப்பும் தரப்படவில்லை.