பிளஸ் டூவில் எட்டியது கல்லூரியில் எட்டாதா?

திண்டுக்கல் வட்டாரத்தில் கணினி அறிவியல் சேரும் முதலாண்டு மாணவர்களுக்கு நிரலைக் கணிதச் செயற்கூறுகளால் கட்டும் ஃபங்ஷனல் புரோகிராமிங் வேண்டாத சுமை என்று ஒரு கல்வி ஆலோசகர் மேடைக்கு மேடை முழங்கி வருகிறார். ஜாவா படித்தோமா, கேம்பஸில் வேலை வாங்கினோமா என்றிருக்க வேண்டிய பிள்ளைகளின் தலையில் அந்தப் பாணி மொழியான ஹாஸ்கெல்லைக் கட்டாதீர்கள் என்பது அவர் உபதேசம். அதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார். மூன்றில் ஒன்றுகூடத் தேறாது.

முதலாவது, இது உயர்கணிதமாம். தமிழ்வழியில் படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு எட்டாதாம். ஐயா தமிழ்நாட்டு பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலைப் புரட்டியதுண்டா? 2019இல் வந்த அந்த நூலின் முதல் பாடமே செயற்கூறு, அதாவது ஃபங்ஷன். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் தூய செயற்கூறு எது, பக்கவிளைவு உள்ளது எது என்று பிரித்துக் காட்டிவிட்டுத்தான் அது பைத்தானுக்கே போகிறது. அடுக்கு காணும் செயற்கூறும் அதில் உண்டு: அடுக்கு பூஜ்ஜியமானால் விடை 1, இல்லாவிட்டால், ஒன்று குறைந்த அடுக்குக்கு வரும் விடையை அந்த எண்ணால் பெருக்கு. இரண்டின் மூன்றாம் அடுக்கைக் கேட்டால் 2 × 2 × 2 × 1 என விரிந்து 8இல் வந்து நிற்கும். நத்தத்திலும் வேடசந்தூரிலும் கணினி அறிவியல் எடுத்த மாணவி இதைப் படித்துத் தேர்வெழுதிவிட்டுத்தான் கல்லூரிப் படியேறுகிறாள். பதினேழு வயதில் எட்டியது பதினெட்டில் எட்டாமல் போகுமா? அவளை உண்மையில் குழப்புவது, எக்ஸ் = எக்ஸ் + 1 என்று கரும்பலகையில் எழுதி, பத்தாண்டு படித்த கணக்கை மறந்துவிடு என்கிற வகுப்பு. ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் அவள் எதையும் மறக்க வேண்டியதில்லை. பள்ளிக் கணக்கே அங்கு முதலீடு.

இரண்டாவது, சந்தையில் மதிப்பில்லையாம். இவர் போற்றும் ஜாவாவே 2014இல் எட்டாம் பதிப்பில் ஃபங்ஷனல் மொழிகளின் பெயரில்லாச் செயற்கூறான லாம்டாவைச் சேர்த்துக்கொண்டது ஏன்? அதே ஆண்டு ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கச் சம்மதித்த வாட்ஸ்அப்பின் சர்வர்கள் எர்லாங் என்னும் ஃபங்ஷனல் மொழியில் ஓடியது அவருக்குத் தெரியுமா? இதே வாயால்தான் அவர் பிக் டேட்டா படியுங்கள், ஸ்பார்க் படியுங்கள் என்றும் அறிவுரைக்கிறார். ஸ்பார்க் எழுதப்பட்டது ஃபங்ஷனல் பாணிக்கு இடமளிக்கும் ஸ்காலாவில். அதற்கு முன்னோடியான மேப்ரெட்யூஸைப் பற்றி 2004இல் கட்டுரை எழுதிய ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும், அந்த யோசனை லிஸ்ப் போன்ற ஃபங்ஷனல் மொழிகளிலிருந்து வந்தது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். கனியை விற்றுக்கொண்டே மரத்தை வெட்டச் சொல்கிறவரை என்னவென்பது?

மூன்றாவது, எம்ஐடியே தொடக்கப் பாடத்தில் லிஸ்ப் வழிவந்த ஸ்கீமைக் கைவிட்டுப் பைத்தானுக்குப் போய்விட்டதாம். போனது உண்மைதான். ஆனால் எம்ஐடியைப் பார்த்தவர் கண்ணுக்கு சிறுசேரி தெரியாமல் போனதெப்படி? சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தில் இளநிலை மாணவர்களுக்கு ஹாஸ்கெல்தான் தொடக்கப் பாடமாக நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அங்குள்ள மாதவன் முகுந்தும் எஸ். பி. சுரேஷும் நடத்திய ஹாஸ்கெல் வகுப்புகள் என்பிடெல் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. 2001இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் முதலாண்டுப் பாடத்தில் ஹாஸ்கெல்லை எடுத்துவிட்டு ஜாவாவை வைத்தபோது, எதிர்த்துக் கடிதம் எழுதியவர் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா. பழகும் கருவியே நம் சிந்தனையை வார்க்கிறது என்று எச்சரித்த அந்த மேதையைவிட நம் ஆலோசகருக்கு அதிகம் தெரியுமோ?

மாணவர்மீது இவ்வளவு கரிசனம் எங்கிருந்து வருகிறது? பத்து வருடத்துப் பழைய நோட்ஸ் மாறக் கூடாது, பயிற்சி வகுப்புக் கட்டணம் நின்றுவிடக் கூடாது, இவை போக வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. சிறுசேரி மாணவனுக்குச் சிந்தனை, சின்னாளபட்டி மாணவிக்குச் செய்முறைப் பட்டியல் என்று பங்குபோடும் உரிமையை இவருக்கு யார் கொடுத்தார்கள்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஹாஸ்கெல்லின் பிழைச் செய்திகள் முதல் சில வாரம் மிரட்டும். மிரளாதீர்கள், நிரல் ஓடிக் கவிழ்வதற்கு முன்பே தவற்றைக் காட்டிக்கொடுக்கும் உபகாரம் அது. முதலாண்டு மாணவர்களே, உங்கள் பிளஸ் டூ நூலைப் பழைய பேப்பர் கடையில் போடும் முன் அதன் முதல் பாடத்தை இன்னொரு முறை படியுங்கள். அந்த மேடைப் பேச்சுக்கான பதில் அதிலேயே இருக்கிறது.