திருத்திய தாளை மாணவர் கையில் கொடுங்கள்

பருவத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் கலை, அறிவியல் கல்லூரி மாணவர் ஒருவரின் கைப்பேசியில் ஒரு வரி வருகிறது: அகமதிப்பீடு 17, எழுத்துத் தேர்வு 28, மொத்தம் 45. பக்கத்தில் ‘ஆர்.ஏ.’ என்று இரண்டு எழுத்து. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 40 போதும். ஆனால் 75 மதிப்பெண்ணுக்கு நடக்கும் எழுத்துத் தேர்வில் தனியாக 30 எடுத்தாக வேண்டும் என்பது நம் பல பல்கலைக்கழகங்களின் விதி. இரண்டு மதிப்பெண் குறைந்ததால் தாள் அரியர் விழுந்துவிட்டது. அந்த இரண்டும் எந்தக் கேள்வியில் போயின? எழுதியது தவறா, எழுதாமல் விட்டதா, கூட்டலில் விடுபட்டதா? அவருக்குத் தெரியாது. அவருக்குப் பாடம் நடத்திய ஆசிரியருக்கும் தெரியாது. அடுத்த பருவத்தில் தேர்வுக் கட்டணம் கட்டி, அதே புத்தகத்தை அதே விதமாகப் படித்து, மறுபடி எழுதுவார்.

இந்த நிலை மாற வேண்டும். இளநிலைப் பட்டப் படிப்பில் ஒரு மாணவர் எழுதும் ஒவ்வொரு தாளும், அது இன்டர்னல் டெஸ்ட்டாக இருந்தாலும் பல்கலைக்கழகத் தேர்வாக இருந்தாலும், திருத்தப்பட்ட பிறகு அவர் பார்வைக்கு வர வேண்டும். கேட்டால்தான், பணம் கட்டினால்தான் என்ற நிபந்தனை கூடாது. எந்தக் கேள்விக்கு எவ்வளவு, ஏன் குறைந்தது என்பது அதில் இருக்க வேண்டும். உயர்கல்வித் துறை இதை விதியாக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

விடைத்தாளை மாணவரிடமிருந்து விலக்கி வைக்கும் பழக்கம் இங்கே தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1857இல் சென்னை, கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது லண்டன் பல்கலைக்கழகம்தான் முன்மாதிரி. கல்லூரி பாடம் நடத்தும்; பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். கேள்வி எடுப்பவர், பாடம் நடத்துபவர், திருத்துபவர் மூவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பதே நேர்மைக்கு உத்தரவாதம் என்று அன்று நினைத்தார்கள். அந்த ஏற்பாட்டின் குறையை நாடு அறியாமல் இல்லை. விடுதலைக்குப் பின் அமைந்த முதல் பல்கலைக்கழகக் கல்விக் குழு, ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் இயங்கியது. ஒரே ஒரு சீர்திருத்தத்தைச் சொல்லச் சொன்னால் தேர்வுச் சீர்திருத்தத்தையே சொல்வோம் என்றது அந்தக் குழு. கோத்தாரி குழு 1966இல் தந்த அறிக்கை தொடர்ச்சியான அகமதிப்பீட்டையும் கல்லூரிகளுக்குத் தன்னாட்சியையும் பரிந்துரைத்தது. 1978இல் லயோலா, சென்னை கிறித்துவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றன. இந்த வகையில் நாட்டுக்கே முன்னால் நடந்தது தமிழ்நாடு. பாடம் நடத்துபவரே மாணவரை மதிப்பிட வேண்டும், அந்த மதிப்பீடு மாணவரிடம் திரும்பி வந்து அவரைத் திருத்த வேண்டும் என்பதே அகமதிப்பீட்டின் நோக்கம்.

அது என்ன ஆனது என்பதை ஒரு அசைன்மென்ட்டைக் கையில் எடுத்தாலே பார்த்துவிடலாம். ஏ4 தாள். நாலு பக்கமும் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. தலைப்புக்குப் பச்சை அல்லது ஊதா ஸ்கெட்ச். உள்ளே ஐந்தாறு பக்கம், பெரும்பாலும் கைடிலிருந்து எடுத்து எழுதியது, இப்போது கைப்பேசியிலிருந்து. அறுபது பேர் வகுப்பில் அறுபது பேரும் ஏறக்குறைய ஒன்றையே எழுதியிருப்பார்கள். முதல் பக்கத்தில் ஆசிரியரின் சுருக்கொப்பம், தேதி, ஐந்துக்கு நான்கு. உள்ளே ஒரு அடிக்கோடு கிடையாது. பருவம் முடிந்தால் கட்டாகக் கட்டித் துறை அலமாரியில் அடுக்குவார்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும்போது காட்டுவதற்கு அது வேண்டும். மாணவருக்கு அது திரும்பி வருவது அரிது.

இன்டர்னல் மதிப்பெண்ணோ இரண்டு விதமாகத் தவறுகிறது. தேர்ச்சி விழுக்காட்டைக் காட்ட வேண்டிய கல்லூரி அனைவருக்கும் 20க்கு மேல் அள்ளிப் போடுகிறது. அந்த எண் எதையும் அளக்கவில்லை. இன்னோரிடத்தில் அது ஆசிரியர் கையில் பிரம்பாகிறது. கேள்வி கேட்ட மாணவருக்கு, போராட்டத்தில் நின்றவருக்கு, துறைத் தலைவருக்குப் பிடிக்காத வகுப்பிலோ சாதியிலோ பிறந்தவருக்கு 25இல் 12 வந்தால் ஏன் என்று கேட்க வழியில்லை. கேட்டால் அடுத்த பருவம் இருக்கிறது. 2018இல் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் பேராசிரியை மாணவிகளிடம் பேசிய ஒலிப்பதிவு வெளியானதை மறக்க முடியுமா? மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அந்தப் பிள்ளைகளைத் தவறான வழிக்கு அழைத்த வழக்கு அது. 2024இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தனி ஒருவரின் குற்றம் என்று அதை மூடி வைப்பது எளிது. ஆனால் மதிப்பெண்ணைக் காட்டி ஒருவரை அழைக்க முடிகிறது என்றால், அந்த மதிப்பெண் எப்படி வருகிறது என்பது யாருக்கும் தெரியாது என்ற தைரியம்தான் அதற்கு முதல்.

அதே 2018இல் அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டியதாக லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. விசாரணைக்கு உள்ளானவர்களில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்தவரும் உண்டு. முதல் திருத்தமும் மறுதிருத்தமும் மாணவர் கண்ணில் படாத இடத்தில் நடந்தால், நேர்மையான ஆயிரம் ஆசிரியர்களின் உழைப்பும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகிறது.

மைய மதிப்பீட்டு முகாம் என்பது என்ன என்று வெளியே உள்ளவர்களுக்குத் தெரிவதில்லை. மே மாத வெயிலில் ஏதோ ஒரு கல்லூரியின் நீண்ட அறையில் பெஞ்சு பெஞ்சாக ஆசிரியர்கள். காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு. பதிவெண் கிழிக்கப்பட்டு டம்மி எண் ஒட்டிய தாள்கள். ஒரு தாளுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. பத்து மதிப்பெண் விடை மூன்று பக்கம் ஓடும். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு சாய்ந்த கோடு, ஓரத்தில் 6. ஏன் 6, ஏன் 8 இல்லை என்று எழுத நேரமும் இல்லை, எழுதச் சொல்வாரும் இல்லை. முதுநிலைத் தாள்களைப் பல பல்கலைக்கழகங்களில் இரண்டு பேர் தனித்தனியே திருத்துகிறார்கள். இளநிலைத் தாளை ஒருவர் பார்த்தால் போதும் என்பது வழக்கம். எண்ணிக்கையில் பல மடங்கு பெரியது இளநிலை. அங்கேதான் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் கூட்டமாக இருக்கிறார்கள்.

2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு; நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். அந்த எண்ணுக்குள் வீட்டில் வேறு யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு, விடை எங்கே பலவீனமாக இருக்கிறது என்று சொல்ல அண்ணனோ அத்தையோ இருப்பார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லக் கூடியது திருத்திய விடைத்தாள் ஒன்றுதான். அதையும் கட்டி வைத்துக்கொண்டால் அவர் எதைப் பார்த்துக் கற்பார்?

சட்டம் இதில் மாணவர் பக்கம் நிற்கிறது. திருத்திய விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ‘தகவல்’தான், எழுதியவர் அதைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தின் வழியே நகல் கேட்டால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். நம் பல்கலைக்கழகங்களோ தாளுக்கு இவ்வளவு என்று நூற்றுக்கணக்கில் நகல் கட்டணம் வசூலிக்கின்றன. மறுமதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம். மூன்று தாள் போன பிள்ளை மூன்று தாளுக்கும் கட்ட முடியாமல், எதில் வாய்ப்பு அதிகம் என்று ஊகித்து ஒன்றுக்கு மட்டும் கட்டுகிறது. நீட் எழுதியவருக்கு ஓ.எம்.ஆர். தாளின் நகலும் விடைக்குறிப்பும் இணையத்தில் கிடைக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் விடைத்தாள் நகலைப் பார்த்துவிட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்கிறார். கல்லூரிக்குள் வந்த பிறகுதான் கதவு இன்னும் இறுக்கமாகிறது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகள் நமக்குத் தெரியாதவை அல்ல. ஆசிரியர் தட்டுப்பாடு உண்மை. அரசுக் கல்லூரிகளில் எத்தனையோ வகுப்புகள் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர்களின் தோளில் நிற்கின்றன. தனியார் கல்லூரி ஆசிரியரின் நிலை பல இடங்களில் அதைவிட மோசம். அவர்களிடம் இன்னும் எழுது, இன்னும் விளக்கு என்று சொல்வதற்கு முன் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். திருத்துவதற்கான கூலியை, ஒரு தாளுக்குச் செலவிட வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டு உயர்த்த வேண்டும். இந்தக் கடமை அரசுடையது, அதிலிருந்து அது நழுவக் கூடாது. ஆனால் தாளைக் காட்டுவதற்கு ஆசிரியர் தட்டுப்பாடு தடையே அல்ல. சில பல்கலைக்கழகங்கள் விடைத்தாளை ஸ்கேன் செய்து கணினித் திரையில் திருத்தும் முறைக்கு ஏற்கெனவே மாறிவிட்டன. அப்படித் திருத்திய தாளை மாணவரின் கணக்கில் திறந்து விடுவதற்குக் கூடுதல் ஆள் வேண்டாம்.

தாளைக் காட்டினால் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் சண்டைக்கு வருவார்கள் என்பது இன்னொரு அச்சம். முதல் இரண்டு பருவம் வரக்கூடும். ஐ.ஐ.டி.களில் திருத்திய தாளை மாணவர் பார்ப்பது நெடுநாள் வழக்கம். அங்கே கல்வி நின்றுவிடவில்லை. தாள் வெளியே வரும் என்று தெரிந்தால் திருத்துபவர் ஒரு முறைக்கு இரண்டு முறை கூட்டிப் பார்ப்பார். ‘தகவமைப்பு’ என்று எழுதியதற்கு ஏன் அரை மதிப்பெண் குறைந்தது என்று ஒரு விலங்கியல் மாணவி கேட்டு ஆசிரியர் விளக்கினால், அந்த ஐந்து நிமிடம்தான் அந்தப் பருவத்தின் சிறந்த வகுப்பு. அதைச் சண்டை என்று ஒதுக்குவதை நாம் ஏற்கவில்லை.

தாள் வெளிச்சத்துக்கு வந்தால் கேள்வியின் தரமும் சேர்ந்து வெளிச்சத்துக்கு வரும். நமக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. பத்து இரண்டு மதிப்பெண், ஐந்து ஐந்து மதிப்பெண், மூன்று பத்து மதிப்பெண், ஆக 75 என்ற வாய்பாட்டில், ஐந்தாண்டுக் கேள்வித்தாளைப் படித்தால் போதும் என்று மாணவர் கண்டுபிடித்து வெகுகாலமாகிறது. வரலாற்றுத் தாளில் ‘சங்க காலத்தின் சமூக நிலையை விவரி’ என்று ஆண்டு தவறாமல் வரும். விடை கைடில் இருக்கிறது. அதற்குப் பதில் கீழடியை எடுத்துக்கொள்ளலாம். மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமாதிரியின் காலம் கி.மு. 580 என்கிறது. அந்த அறிக்கையின் ஒரு பக்கத்தைக் கேள்வித்தாளிலேயே அச்சிட்டு, இந்தச் சான்றிலிருந்து என்ன சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று கேளுங்கள். மனப்பாடம் அங்கே உதவாது. அதற்கு இரண்டு மாணவர் இரண்டு விதமாக விடை எழுதி இருவரும் 8 வாங்கலாம். ஏன் என்று ஆசிரியர் ஒரு வரி எழுதியாக வேண்டும். கேள்வி மாறினால் திருத்தமும் மாறும்.

2020இல் கொரோனாக் காலத்தில் அரியர் தேர்வுகளை ரத்து செய்து, கட்டணம் கட்டியிருந்த எல்லோரும் தேர்ச்சி என்று அன்றைய அரசு அறிவித்தது. மாணவர்கள் சுவரொட்டி ஒட்டி நன்றி சொன்னார்கள். ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது, 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை ஏற்க மறுத்தது. நீதிமன்றம் சொன்னது சரி. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தைச் சோம்பேறித்தனம் என்று திட்டித் தீர்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. எங்கே தவறினோம் என்று தனக்கு ஒருபோதும் சொல்லாத ஒரு தேர்வை மாணவர் ஏன் மதிக்க வேண்டும்?

வரும் ஒற்றைப்படைப் பருவத்திலிருந்தே இதைத் தொடங்க முடியும். இன்டர்னல் டெஸ்ட் தாள்களைப் பத்து நாளுக்குள் வகுப்பில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கல்லூரிக் கல்வி ஆணையரகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். 25 மதிப்பெண்ணில் டெஸ்ட்டுக்கு எவ்வளவு, அசைன்மென்ட்டுக்கு எவ்வளவு, வருகைக்கு எவ்வளவு என்ற பிரிவைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன் மாணவருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மறுப்பு இருந்தால் அந்தத் துறையைச் சேராத ஒருவர் உள்ளிட்ட குழு ஒரு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுக்கு, முடிவு வெளியாகும் நாளிலேயே திருத்திய தாளின் ஸ்கேன் நகலும் விடைக்குறிப்பும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். 27, 28, 29 என்று விளிம்பில் நிற்கும் இளநிலைத் தாள்களை, மாணவர் கேட்காமலே இரண்டாவது ஆசிரியர் திருத்திய பிறகுதான் ‘ஆர்.ஏ.’ போட வேண்டும். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடினால் கட்டிய பணம் முழுவதும் அந்த மாணவரின் வங்கிக் கணக்குக்குத் திரும்ப வேண்டும்.