பொழுது சாயுமுன் பொத்துவில்

மாரி மழை ஓய்ந்து மாசி பிறந்ததும் பல வீடுகளில் ஒரு வழக்குத் தொடங்குவதுண்டு. வளர்ந்த பிள்ளை தன் தோழனையும் சேர்த்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளிலே திருகோணமலை தொடங்கிப் பொத்துவில் வரை கீழைக் கரையோரமாகப் போய்வர வேண்டும் என்கிறான். தாய் கூடவே கூடாது என்கிறாள். தந்தையார் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். தீர்ப்புக் கூறும் அதிகாரம் எமக்கில்லை. ஆயினும், போகலாமா கூடாதா என்று வாதாடுமுன், எத்தனை மணிக்கு எவ்விடத்தில் நிற்பாய் என்று பிள்ளையைக் கேட்டிருந்தால் வழக்கின் பாதி தீர்ந்திருக்கும் என்பது எமது எண்ணம்.

பிள்ளையின் கணக்கு எளிது. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய 135 கிலோமீற்றர்; அங்கிருந்து பொத்துவில் நூறுக்குச் சற்று மேல். ஆக மொத்தம் 240. மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடினால் நான்கு மணித்தியாலம். காலையிற் புறப்பட்டு, பாசிக்குடாவிற் கடல் குளித்து, மட்டக்களப்பிற் சோறு உண்டு, மாலையில் அறுகம்பைக் கடலைப் பார்த்துவிடலாம். இக்கணக்கில் மாடு இல்லை, மணல் இல்லை, சந்தை இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. தெருவிலோ இவையனைத்தும் உண்டு. நின்று இளைப்பாறி ஓடுபவருக்கு நான்கு மணித்தியாலம் ஒன்பதாகும்; சில நாளிற் பத்துமாகும். அந்த மிகுதி மணித்தியாலங்கள் எங்கே போய் விழுகின்றன என்பதைத்தான் தாயும் பிள்ளையும் ஒருங்கே இருந்து பார்க்க வேண்டும்.

முதற்பகுதி தொல்லை குறைந்தது. கிண்ணியாவில் முன்னர் பாதைக்காகக் காத்து நின்ற காலத்தை மூத்தோர் மறந்திரார். 2009 ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் அங்கே திறக்கப்பட்டது. போர்க்காலத்திலே துண்டு துண்டாய்க் கிடந்த இவ்வீதி, அப்பாலமும் அதனையடுத்து எழுந்த பிற பாலங்களும் வந்த பின்னரே ஒரே ஓட்டமாக ஓடத்தக்கதாயிற்று. மூதூர்ப் பக்கத்து வயல்களைத் தாண்டி வெருகலை அடைந்தால் ஆறும் முருகன் கோயிலும் மரநிழலும் சேர்ந்து கிடைக்கும். முதல் இளைப்பாறல் அங்கேயே ஆகட்டும். அப்பால் கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி. பனிச்சங்கேணிப் பாலத்தில் ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நிற்கும் காட்சியை இப்பயணத்தின் சிறந்த காட்சி என்றே நாம் சொல்வோம். பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திப் படம் பிடிப்போர் உளர். பாலத்தைக் கடந்து ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்தாலும் கடல் அங்கேயேதான் இருக்கும்.

இவ்வீதியை எம்மிலும் நன்கறிந்தவர் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்கள். வடக்கே செல்வச்சந்நிதியிற் புறப்படுவோர் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என இறங்கி, உகந்தை வழியாகக் காட்டுக்குட் புகுந்து போகிறார்கள். நடப்பது ஒரு மாதத்துக்கும் மேலாகும். வைகாசி, ஆனி மாதங்களில் இப்பக்கம் ஓடுபவர் ஓரத்தில் நடக்கும் அவர்களுக்காக வேகத்தைத் தணிக்க வேண்டும். அதனோடு அவர்கள் நேரத்தைப் பங்கிடும் முறையையும் சற்றுக் கவனிக்கலாம். விடியுமுன் எழுந்து நடக்கிறார்கள். வெயில் ஏறியதும் நிழலில் இருக்கிறார்கள். இருட்டுமுன் கோயிலடியில் ஒதுங்கிவிடுகிறார்கள். மணிக்கு நாலைந்து கிலோமீற்றர் நடப்பவருக்கு வேண்டிய முறை அறுபதில் ஓடுபவருக்கு வேண்டாமா?

மட்டக்களப்புக்குத் தெற்கே வீதியின் குணம் மாறுகிறது. கடலோர வீதி என்று பெயர். கடலோ பெரும்பாலும் கண்ணிற் படுவதில்லை. கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர் முடிய ஊர் தொடங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், முச்சக்கர வண்டிகள், திடீரென நிற்கும் பஸ்கள். இங்கே 30 கிலோமீற்றர் வேகமே பெரிது. வெள்ளி நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் அடைபட்டு வீதிகள் நிறைந்திருக்கும். அந்நேரம் இவ்வூர்களைக் கடக்க நினைப்பவர் சோறும் பெறார், வழியும் பெறார். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 இற் கடல் பொங்கியபோது இந்நாட்டில் மிகுதியான உயிர்களை இழந்தது இந்த அம்பாறை மாவட்டமே. கடற்பக்கம் திரும்பும் ஒழுங்கையொன்றில் ஐந்து நிமிடம் வண்டியை அணைத்துவிட்டு நிற்பது தகும்.

பிள்ளையின் கணக்கில் மிஞ்சிய மணித்தியாலங்கள் போய் விழுமிடம் அக்கரைப்பற்றுக்கு அப்பால் இருக்கிறது. திருக்கோவில் கடந்து கோமாரி, பொத்துவில் வரை வீதி நேராகவும் வெறுமையாகவும் கிடக்கும். பகலெல்லாம் ஊர்களில் ஊர்ந்து அலுத்தவன் இங்கே கையை முறுக்குவான். காலை ஒரே நாட் பயணமாகப் புறப்பட்டவன் இவ்விடத்தை அடையும் நேரம் மாலை ஆறு. மாசி, பங்குனியிற் பொழுது ஆறேகால் அளவிற் படும். நம் நாட்டிலே பொழுது பட்டபின் இருள நெடுநேரம் செல்லாது. மாடுகள் வெயிற் சூடு ஆறாத தார்வீதியைத் தேடி வந்து படுப்பதும், யானைகள் காட்டை விட்டு வெளியே வருவதும் அவ்வேளையிலேதான்.

மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் போகிறது. எதிரே ஏதோ கிடக்கிறதென்று கண்டு பிறேக்கில் விரல் வைக்குமுன் அந்த ஒரு விநாடி கழிந்துவிடும். பிறேக் பிடித்து வண்டி நிற்க, உலர்ந்த நல்ல வீதியிலும் இன்னும் 20 மீற்றரேனும் வேண்டும். தணித்த விளக்கின் ஒளியில் ஒரு கரிய எருமை அவ்வளவு தூரத்திற் தெரிவதில்லை. இதில் ஓட்டுபவனின் கெட்டித்தனத்துக்கு இடமில்லை. தாயின் அச்சத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமாயின் இந்த 37 மீற்றரை வைக்கலாம்.

ஆகவே கணக்கைப் பொத்துவிலிலிருந்து பின்னோக்கிப் போடுக. பிற்பகல் மூன்று மணிக்குள் அங்கே இறங்கியாக வேண்டும். அதற்கு அக்கரைப்பற்றை ஒரு மணிக்கு விட வேண்டும். மட்டக்களப்பிலிருந்து காலை எட்டு மணிக்கேனும் புறப்பட வேண்டும். முதல்நாள் இரவு மட்டக்களப்பில் தங்காமல் இக்கணக்கு ஒப்பேறாது. தங்குவது வீணுமாகாது. களப்பின் காற்றும் சட்டித் தயிரும் அங்கே உண்டு. நிலாக்காலமாயின் கல்லடியில் தோணியமர்த்திப் பாடும் மீனுக்குக் காது கொடுக்கலாம். கேட்டது மீனோ தோழனின் வயிறோ என்ற விவாதம் பொத்துவில் வரை தாங்கும்! பாணமைப் பக்கம் போக விரும்புவோர் மறுநாட் காலையிற் போய் உச்சிக்குள் திரும்புக. அது யானை நடமாடும் வழி.

காலத்தையும் சொல்லிவிடுகிறோம். ஐப்பசி தொடங்கித் தை வரை இக்கரையில் மழை. வெள்ளம் வீதியை மூடுவதுமுண்டு. மாசியும் பங்குனியும் உத்தமம். ஆனி, ஆடியிற் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாய் வீசும். தெற்கே ஓடுபவனுக்கு அது வலப்பக்கத்து அடி. லொறியொன்றின் மறைவிலிருந்து வெளிப்படும்போது வண்டியை இடப்பக்கம் தள்ளும். அறுவடைக் காலத்தில் நெல்லை வீதியிலே பரப்பிக் காயவிடுவார்கள். நெல்மணியும் வைக்கோலும் சில்லுக்கு எண்ணெய் போன்றவை. அவற்றின்மேல் வளைக்கவும் கூடாது, பிறேக்கை அழுத்தவும் கூடாது.

வண்டியைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். இருவர் ஏறிச் சுமையும் ஏற்றினால் பின் ரயரின் காற்றை, வண்டியில் ஒட்டியிருக்கும் குறிப்பின்படி கூட்டுக. புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பே கராஜுக்குக் கொடுத்து, பழுது பார்த்த வண்டியை ஊருக்குள் இரண்டு நாள் ஓடிப் பார்க்க வேண்டும். சுமையைப் பின்தட்டின் நுனியிற் கட்டாமல் இருக்கையோடு அணைத்துத் தாழக் கட்டுக. தலைக்கவசத்தின் பட்டியை இறுக்காதவன் அதை அணியாதவனுக்குச் சமன். கணவனும் மனைவியுமாகப் போவோர், சேலைத் தலைப்பும் சால்வையும் பின்சில்லுக்குள் அகப்படும் ஆபத்தை எண்ணி அன்று வேறு உடை உடுப்பது நலம். அனுமதிப்பத்திரமும் காப்புறுதிப் பத்திரமும் நனையாத உறையில் இருக்கட்டும்.

இனி வீட்டிலிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தொலைபேசியில் அழைக்கலாகாது. சட்டைப்பையில் அது அலறும்போது அவனது ஒரு கை பிடியை விட்டு எழும். கண்ணும் அதன் பின்னே போகும். அம்மா பயந்திருப்பாள் என்று எண்ணும் நல்ல பிள்ளையே முதலிற் கை எடுப்பான். வெருகல், மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, பொத்துவில் என நான்கு இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டு அவனே பேசட்டும். சொன்ன நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலம் கழியும்வரை வீட்டார் பொறுத்திருக்கட்டும். இவ்வொப்பந்தத்தைப் புறப்படுமுன் ஒரு தாளில் எழுதி, ஒரு படி சமையலறையிலும் மறுபடி வண்டிப் பையிலும் வைப்பது நல்லது. தந்தையாரும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு அதிற் கையொப்பமிடலாம்.

திரும்பி வந்த அன்றே வண்டியை நல்ல தண்ணீரிற் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் இடுக. கடலுப்பு மறுநாள்வரை காத்திராது.